கண்டிச் சீமைக்காரர்களும் குறுவை அறுப்பும்

மறுவாழ்வுப் பிரிவுக்கு மாற்றல் உத்தரவு வந்ததும் முகம் சுண்டிப்போய் உட்கார்ந்திருந்த உங்களில் இருவரைப் போன வாரம் பார்த்தேன். "என்ன பாவம் பண்ணினேன்னு இங்க தூக்கிப் போட்டாங்க?" என்று அதில் ஒரு பெண் கேட்டாள். அந்தக் கேள்வியை நானும் ஒரு காலத்தில் கேட்டவள்தான், அதே குரலில்.

அலுவலக நடைமுறைகளை எல்லாம் உங்களுக்கு யாராவது சொல்லித் தருவார்கள். நான் அதற்கு வரவில்லை. கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் நம்மவர்களுக்கு அரசு ஏதோ செய்கிறது என்றால், கடைசியில் அதைக் கையால் செய்கிறவர்கள் நாம்தான். மேடையில் "நம் ரத்தம், நம் உறவு" என்று பேசிய பெரியவர்கள் மாலையைக் கழற்றிக் காரோட்டியிடம் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். அந்த உறவுக்குப் பாய் எங்கே, பானை எங்கே என்று அலைவது நம் வேலை. அதில் எங்கே சறுக்கும் என்பது மட்டும் எனக்குக் கொஞ்சம் தெரியும்.

அப்போது தஞ்சாவூர் ஜில்லா ஒன்றாக இருந்தது. திராவிடக் கட்சி ஆட்சிக்கு வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. இலங்கையின் மலைத் தோட்டங்களில் தேயிலை பறித்துக்கொண்டிருந்த தமிழர்களை, இத்தனை பேர் உங்களுக்கு, இத்தனை பேர் எங்களுக்கு என்று இரண்டு அரசாங்கங்களும் பேசி முடித்திருந்தன. நம் பங்குக்கு வந்தவர்கள் கப்பலில் ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபத்தில் சில நாள் இருந்து, அங்கிருந்து ஜில்லா ஜில்லாவாக அனுப்பப்பட்டார்கள். அவர்களுடைய பாட்டன் பூட்டன் காலத்தில் இங்கிருந்து போனவர்கள்தான். அந்த நாட்டை நம் ஊரில் கண்டிச் சீமை என்பார்கள். ஆகவே திரும்பி வந்தவர்களும் கண்டிச் சீமைக்காரர்கள் ஆனார்கள்.

நீடாமங்கலத்துக்குக் கிழக்கே ஒரு விதைப்பண்ணையின் மூட்டை அடுக்கும் கிட்டங்கி காலியாகக் கிடந்தது. அதைத் தட்டி வைத்துத் தடுத்துச் சில குடும்பங்களை அதில் குடியமர்த்தினோம். முகாமில் பெண்கள் அதிகம் என்பதால் ஒரு பெண் பொறுப்பில் இருக்கட்டும் என்று என்னைப் போட்டார்கள். கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகவில்லை. உங்கள் வயதுதான்.

வந்த முதல் வாரத்திலேயே ஒரு அடி. தஞ்சாவூர்க்காரர்கள் நாம், உறவுக்குச் சோறு போடுவதில் குறை வைப்போமா? அலைந்து திரிந்து நல்ல அரிசியாக வாங்கி வந்து மூட்டையைப் பிரித்துக் காட்டினேன். பெண்கள் கையால் அள்ளிப் பார்த்தார்கள், ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். கடைசியில் ராமாயி என்பவர் முன்னால் வந்தார். ஐம்பதை நெருங்கும் வயது, குட்டையான உருவம், மூக்கில் இரண்டு பக்கமும் மூக்குத்தி.

"அரிசி நல்லாத்தான் இருக்கும்மா. கோதும மாவு கெடைக்குமா? காலையில ஒரு ரொட்டி தட்டித் தின்னாத்தான் எங்களுக்குப் பொழுது விடிஞ்ச மாதிரி இருக்கும்."

நெல் விளையும் பூமியில் மாவு கேட்கிறார்கள் என்று எனக்கு முணுக்கென்று கோபம் வந்தது. ஆனால் அன்றைக்குச் சாயங்காலமே மாவுக்கு எழுதிப் போட்டேன். மாவு வந்த அன்று ராமாயி முதல் ரொட்டியை, தேங்காயும் மிளகாயும் இடித்த சம்பலோடு எனக்குக் கொண்டுவந்து கொடுத்தார். அந்தக் காரத்தில் என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. முகாமே சிரித்தது. அதற்குப் பிறகு நான் 'ஆபீசரம்மா' இல்லை, வெறும் 'அம்மா' ஆனேன்.

இனி நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

அந்த வருஷம் குறுவை நன்றாக விளைந்திருந்தது. ஆனால் வயலில் ஒரு ஆள் இறங்கவில்லை. கூலி கூட்டிக் கொடுத்தால்தான் அறுப்போம் என்று விவசாயத் தொழிலாளர் சங்கம் சொல்லிவிட்டது. முடியாது, வெளியூர் ஆளை வைத்து அறுத்துக்கொள்கிறோம் என்றார்கள் மிராசுதார்கள். வெளியூர் ஆள் என்ற வார்த்தைக்கு அன்றைய தஞ்சாவூரில் என்ன பொருள் என்று உங்களுக்குத் தெரிந்திருக்காது. அந்த வார்த்தையால் மண்டைகள் உடைந்திருக்கின்றன. அதைவிட மோசமானவையும் நடந்திருந்தன. அரிவாளோடு வயலுக்குப் போகிறவன் அறுக்கத்தான் போகிறானா என்று இரண்டு பக்கமும் சந்தேகப்பட்ட காலம்.

வானமோ கறுத்துக் கறுத்துக் கலைந்துகொண்டிருந்தது. ஐப்பசி மழை பிடித்தால் கதிர் சாய்ந்து வயலிலேயே முளைத்துவிடும்.

அந்த ஊரின் பெரிய மிராசுதார் ஒரு நாள் முகாமுக்கு வந்தார். கெட்டவர் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். முகாமுக்குக் கீற்றும் மூங்கிலும் கேட்காமலே அனுப்பியவர். நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டே பேசினார்.

"இந்த ஜனங்க பாவம், கைய கட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்காங்க. நான் வேல தர்றேன். அறுப்புக் கூலி, ரெண்டு வேளை சாப்பாடு. நாளன்னைக்குக் காலையில லாரி அனுப்புறேன், ஏத்தி விடுங்க. மறுவாழ்வுன்னா இதுதானேம்மா மறுவாழ்வு?"

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. நான் யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அவர் போன சிறிது நேரத்தில் விதைப்பண்ணை அலுவலகத்தில் எனக்கு போன் வந்திருப்பதாக ஆள் வந்தது. ஓடினேன். ஆளுங்கட்சிப் பிரமுகர் ஒருவர். முகாம் திறப்பு விழாவில் எல்லோரையும்விட நீளமாகப் பேசியவர்.

"ஏம்மா, நம்ம ரத்தம் அங்க சும்மா கெடக்கு. ஒருத்தர் வேல குடுக்கறேங்கறார். யோசிக்கிறேன்னியாமே, நீ என்ன யோசிக்கப் போற?"

"சார், ஊர்ல வேலைநிறுத்தம் நடக்குது…"

"அதெல்லாம் நாங்க பாத்துக்கறோம். நீ ஏத்தி விடு."

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் வாசலில் வீரையன். தொழிலாளர் சங்கத்தின் கிளைச் செயலாளர். ஒல்லியாக, உயரமாக, தோளில் சிவப்புத் துண்டோடு நின்றார். எப்போதும் சிரித்த முகம். அன்றைக்குச் சிரிப்பு இல்லை.

"லாரி வருதாம்ல, அம்மா?"

"இன்னும் ஒண்ணும் முடிவாகல."

"இந்த முகாமுக்குத் தட்டி கட்டினது எங்க ஆளுங்க. கூலி வாங்கல, தெரியுமா உங்களுக்கு? எங்க பெரிய தாத்தாவும் கண்டிக்குப் போனவருதான். இதுல யாரு எங்க ஒறவுன்னு கூட எங்களுக்குத் தெரியாது. எல்லாம் சரி. ஆனா நாளன்னைக்கு இவங்க வயல்ல கால வச்சாங்கன்னா என் ஆளுங்கள நான் புடிச்சு நிறுத்த முடியாதும்மா. மெரட்டலா சொல்லல. முடியாதுங்கறதாலதான் ஓடி வந்து சொல்றேன்."

அன்றிரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஏற்றி விட்டால் அடிதடி. தடுத்தால் பிரமுகரின் கோபம். அது போகட்டும், உழைக்க வந்த குடும்பங்களுக்குக் கிடைத்த முதல் வேலையைத் தட்டிவிட்ட பாவமும் என் தலையில். எனக்கு மேலே இருந்த சிறப்புத் தாசில்தாரைக் கேட்கலாம் என்றால் அவர் மகள் கல்யாணத்துக்கு லீவில் போயிருந்தார். மறுநாள் காலையில் திருவிடைமருதூரில் முகூர்த்தம்.

விடிந்ததும் பஸ் பிடித்துக் கும்பகோணம் போய், அங்கிருந்து இன்னொரு பஸ்ஸில் தொற்றிக்கொண்டு மண்டபத்துக்குள் நுழைந்தபோது மேளம் முழங்கிக்கொண்டிருந்தது. தாசில்தார் பட்டு வேட்டியும் வியர்வையுமாக நின்றார். நான் அவர் காதருகே போய்க் கத்தினேன். மிராசுதார், பிரமுகர், வீரையன் எல்லோரையும் மேளச் சத்தத்துக்கு நடுவே சொல்லி முடித்தேன். அவர் தவிலுக்கு மேலே குரலை உயர்த்திக் கேட்டார்:

"அவங்க என்ன சொல்றாங்க?"

"அதான் சார், மிராசுதார் அனுப்பச் சொல்றார், வீரையன் வேண்டாங்கறார்…"

"இல்லம்மா! முகாம்ல இருக்கறவங்க! அவங்க என்ன சொல்றாங்க?"

அவர்களிடம் நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றக்கூட இல்லை. அதற்குள் யாரோ அவரைத் தாரை வார்க்க இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். போகிற போக்கில் திரும்பி, "சாப்டாம போகக்கூடாது!" என்றார். அந்தக் களேபரத்தில் எனக்குக் கிடைத்த மேலிட உத்தரவு அந்த இரண்டு வாக்கியங்கள்தான். இரண்டையும் நிறைவேற்றினேன். முதல் பந்தியிலேயே உட்கார்ந்து பாயசம் வரை சாப்பிட்டேன்.

சாயங்காலம் முகாமில் எல்லோரையும் கிட்டங்கி முன்னால் உட்காரச் சொல்லி, இருந்ததை இருந்தபடி சொன்னேன். லாரி வருவதையும், அது யாருடைய லாரி என்பதையும், ஊர்க்காரர்கள் ஏன் வேலைக்குப் போகவில்லை என்பதையும் சொன்னேன். பிரமுகர் போன் செய்ததையும் மறைக்கவில்லை. "போறதும் போகாததும் உங்க இஷ்டம். நான் ஏத்தியும் விட மாட்டேன், தடுக்கவும் மாட்டேன். எது செஞ்சாலும் நானும் கூட நிக்கிறேன்" என்றேன்.

முதலில் ராமாயிதான் கேட்டார்.

"இங்கயும் சங்கம் இருக்காம்மா?"

"இருக்கு."

"நெசமாவா!" அவர் முகம் மலர்ந்துவிட்டது. பக்கத்தில் இருந்தவளைத் தொடையில் தட்டினார். "நான் சொல்லல? சங்கம் இல்லாத ஊரு இருக்குமாடி?"

எனக்கு அப்போதுதான் தெரிந்தது. ராமாயி தோட்டத்தில் மாதர் சங்கத் தலைவியாக இருந்தவர். அங்கே கூடியிருந்தவர்களில் பாதிப்பேர் ஒரு வேலைநிறுத்தமாவது பார்த்தவர்கள். அரசாங்கம் தந்த பாயையும் பானையையும் நான் பத்திரமாகக் கணக்கு வைத்திருந்தேன். ஆனால் அவர்கள் எப்படி வாழ்ந்தவர்கள் என்று கேட்டதே இல்லை.

எல்லோரும் ஒரே மனதாக இருக்கவில்லை. சுப்பையா என்ற இளைஞன் எழுந்தான். கைக்குழந்தைக்காரன்.

"சங்கம் சங்கம்னு அங்க நின்னு என்னத்தக் கண்டோம்? வந்த எடத்துல ஒருத்தர் வேல குடுக்கறாரு. எம்புள்ளைக்குப் பால் வாங்கணும். இவங்க சண்ட நமக்கு எதுக்கு?"

அவன் சொன்னதிலும் பொய் இல்லை. யாரும் அவனை அடக்கவில்லை. ராமாயி மட்டும் கேட்டார்.

"தம்பி, நம்ம வேலைய நிறுத்தினப்ப தொரை அடுத்த தோட்டத்து ஆளுங்கள லாரியில கொண்டாந்து எறக்கினாரே, நெனப்பிருக்கா? அவங்கள நீ என்ன சொல்லித் திட்டின?"

சுப்பையா தலையைச் சொறிந்தான். "அது… அம்மா முன்னாடி எப்படிச் சொல்றது."

கூட்டம் சிரித்தது. அவனும் சிரித்துவிட்டான். பிறகு அவர்கள் தங்களுக்குள் பேச ஆரம்பித்தார்கள். என்னைப் பார்த்து, "நீங்க வீட்டுக்குப் போங்கம்மா, காலையில வாங்க" என்றார் ராமாயி. முகாம் பொறுப்பாளரையே முகாமை விட்டு அனுப்பினார்கள். நானும் போனேன். என்ன முடிவு எடுத்தார்கள் என்று எனக்குச் சொல்லவில்லை.

காலையில் நான் வந்தபோது லாரி நின்றுகொண்டிருந்தது. மிராசுதாரின் காரியஸ்தர் கையில் புத்தம்புது அரிவாள்கள் நிறைந்த கூடையோடு நின்றார். சாலைக்கு அந்தப் பக்கம் வாய்க்கால் கரை நெடுக வீரையனின் ஆட்கள், ஆணும் பெண்ணுமாக. அவர்கள் கையில் இருந்த கொடிக் கம்பு, கொடிக்கு வேண்டியதைவிடக் கொஞ்சம் கனமாகவே இருந்தது. நடுவில் இரண்டு போலீஸ்காரர்கள், எந்தப் பக்கம் பார்த்து நிற்பது என்று தெரியாமல்.

கிட்டங்கிக் கதவு திறந்தது. குளித்து, தலை வாரி, பொட்டு வைத்துக்கொண்டு எல்லோரும் வந்தார்கள். தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும்போது நிற்பார்களாம், அதுபோல வரிசையாக நேரே லாரியைப் பார்த்து நடந்தார்கள். கரையில் இருந்த கூட்டம் ஒரு அடி முன்னால் வந்தது.

லாரி அருகே ராமாயி நின்றார்.

"கூலி என்னங்க?"

காரியஸ்தர் சொன்னார். ராமாயி தலையாட்டிவிட்டு, சாலைக்கு அந்தப் பக்கம் திரும்பி, மலைக்கு மலை கேட்கும் குரலில் கூப்பிட்டார்.

"அண்ணே! நீங்க கேக்கற கூலி என்ன?"

வீரையன் இதை எதிர்பார்க்கவில்லை. ஆனாலும் தொகையைச் சொன்னார்.

"அந்தக் கூலின்னா எல்லாரும் சேந்து எறங்கலாமுங்க" என்றார் ராமாயி காரியஸ்தரிடம். "அவங்க அறுக்கட்டும். நாங்க கட்டிச் சொமக்கறோம்."

"ஏன், நீங்களே அறுக்கறதுதானே? அரிவா கொண்டாந்திருக்கேன்ல?"

"அறுக்கலாம்தான்." ராமாயி கூடையிலிருந்து ஒரு அரிவாளை எடுத்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். "எங்களுக்கு அறுக்கத் தெரியாதுங்களே. எங்கள்ல ஒருத்தருக்கும் தெரியாது. நாங்க கொழுந்து பறிக்கறவங்க. நெல்லுல கொழுந்து இருந்தாச் சொல்லுங்க, இப்பவே பறிச்சுத் தர்றோம்."

காரியஸ்தரின் வாய் திறந்தது திறந்தபடி இருந்தது. கரையில் ஒரு கிழவர் முதலில் சிரித்தார். அப்புறம் ஒரு பெண். அப்புறம் கரை முழுவதும் சிரித்தது. போலீஸ்காரர்களில் ஒருவர் தொப்பியைக் கழற்றி முகத்தை மறைத்துக்கொண்டார். வீரையன் கொடிக் கம்பை ஊன்றிக்கொண்டு குலுங்கினார். இரண்டு நாளாக அந்த ஜனங்களைப் பற்றி மிராசுதார், பிரமுகர், சங்கம், நான் என்று இத்தனை பேர் தலையை உடைத்துக்கொண்டிருந்தோம். அவர்களுக்கு அறுக்கத் தெரியுமா என்று ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

"நேத்தே எங்கிட்ட சொல்லியிருக்கலாமே?" என்று பிறகு ராமாயியிடம் கேட்டேன்.

"சொல்லியிருந்தா லாரியே வந்திருக்காதேம்மா. லாரி வந்தாத்தானே பேசலாம்?" என்றார்.

மிராசுதாருக்கு ஆள் போயிற்று. அவர் வந்து சேரும்போது தூறல் விழ ஆரம்பித்திருந்தது. அவர் வானத்தைப் பார்த்தார், லாரியைப் பார்த்தார், இரண்டு பக்கமும் கூட்டம் நிற்பதைப் பார்த்தார். மதகுக் கட்டையில் உட்கார்ந்து வீரையனும் அவரும் பேசினார்கள். நடுவில் இரண்டு முறை எழுந்து, இரண்டு முறை உட்கார்ந்தார்கள். கடைசியில் சங்கம் கேட்டதற்கும் அவர் சொன்னதற்கும் நடுவே, சங்கத்தின் பக்கம் கொஞ்சம் சாய்ந்து ஒரு கூலி முடிவாயிற்று. அது அந்த அறுப்புக்கு மட்டும்தான். அடுத்த போகத்தில் மறுபடி சண்டை போட்டார்கள், அது வேறு.

அன்றைக்கு வயலில் நடந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஊர்க்காரர்கள் அறுத்துப் போட, இவர்கள் கட்டு கட்டினார்கள். தலையில் தூக்கி வைக்கப் போனபோது இவர்கள் வேண்டாம் என்றுவிட்டுக் கட்டை முதுகில் சாய்த்து, கயிற்றை உச்சந்தலையில் மாட்டிக்கொண்டு, கொழுந்துக் கூடை சுமப்பது போல வரப்பில் நடந்தார்கள். ஊர்ப் பெண்கள் அறுப்பதை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். சுப்பையா சேற்றில் வழுக்கிக் கட்டோடு உட்கார்ந்தான். அவனைத் தூக்கிவிட்டவன் முந்தின நாள் வரை அவனை அடிக்கக் காத்திருந்தவன். கீழ்ப்புறத்து வயல்களை முடிப்பதற்குள் மழை கொட்டிவிட்டது. கொஞ்சம் நெல் வீணாயிற்று. ஒரு மண்டை கூட உடையவில்லை.

பிரமுகர் மறுநாள் போன் செய்தார். "பாத்தியா, உறவு உறவுதான். நான் சொன்னேன்ல?" என்றார். "ஆமாம் சார்" என்றேன். தம்பிகளே, தங்கைகளே, இப்படிப்பட்ட நேரத்தில் ஆமாம் சார் என்று சொல்வதில் ஒரு குறையும் இல்லை. வேலை நடந்துவிட்டது, பெயரை யார் எடுத்துக்கொண்டால் என்ன.

உறவுக்கு உதவுவதில் ஒரு ஆபத்து உண்டு. உறவு என்று சொல்லிவிட்டால் அவர்களைப் பற்றி நமக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்துக்கொள்கிறோம். முன்பின் தெரியாதவர் வந்தால்கூட என்ன வேண்டும் என்று கேட்போம். உறவென்றால் கேட்காமலே இலையில் போட்டுவிடுவோம். நான் சொல்வதற்கு இருப்பது அவ்வளவுதான். இதையும் நான் ஒரே தடவையில் கற்றுக்கொள்ளவில்லை.

மறு வருஷம் ஒரு நல்ல செய்தி வந்தது. மலைப் பகுதியில் அரசு தேயிலைத் தோட்டம் போடுகிறது, விருப்பமுள்ள குடும்பங்கள் போகலாம், வீடும் வேலையும் உண்டு. நான் குஷியாக முகாமுக்கு ஓடினேன். ராமாயியைத்தான் முதலில் தேடினேன். வாய்க்காலில் துணி அலசிக்கொண்டிருந்தார். கரையில் வீரையன் உட்கார்ந்து பல் விளக்கிக்கொண்டிருந்தார். அதற்குள் அவருக்கு முகாம் இன்னொரு வீடு மாதிரி ஆகியிருந்தது.

"மறுபடி கொழுந்து பறிக்கலாம், மலைக் காத்து வாங்கலாம், எப்ப கெளம்பறீங்க?" என்றேன்.

ராமாயி துணியைப் பிழிந்தபடி சொன்னார்.

"போறவங்க போகட்டும்மா. எனக்கு வேணாம். பொறந்ததுலேருந்து மல ஏறி மல எறங்கி முட்டி ரெண்டும் தேஞ்சு போச்சு. இங்கதான் சொகம். எங்க பாத்தாலும் எல்லாம் சமமா இருக்கு."

வீரையனுக்குப் புரை ஏறிவிட்டது. இருமி, துப்பி, கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"எங்க ஊரா? எங்க ஊருல எல்லாம் சமமா இருக்கா?"

"நான் நெலத்தச் சொன்னேண்ணே."

"அதான பாத்தேன்."

ராமாயி துணியை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கரையேறினார்.

"மத்ததுக்குத்தான் சங்கம் வச்சிருக்கீங்களே. இந்த மாசக் கூட்டம் என்னைக்கு?"